புகைக்கொட்டகையில் காய்ந்த மண்

மலாக்காவில், பாயா ரும்புட்டில் என் மகன் தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்டினான். அஸ்திவாரம் தோண்டும்போது ஆளுயரத்துக்குக் கீழே கறுப்புச் சேறு வந்துவிட்டது. கான்ட்ராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதன்மேல் எதுவும் நிற்காது, இன்னும் ஆழமாகத் தூண் இறக்கினால்தான் உண்டு என்று மகனிடம் புலம்பினார். நான் ஒரு பழைய வாளியில் அந்தச் சேற்றை அள்ளிவந்து துணி உலர்த்தும் இடத்தில் பரப்பி வைத்தேன். மருமகள் பார்த்துக்கொண்டே போனாள். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும். நன்றாகக் காய்ந்ததும் ஒரு கட்டியை எடுத்து நெருப்பு வைத்துப் பார்த்தேன். புகைந்தது, நாறியது, அதற்குமேல் ஒன்றுமில்லை. எரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை, ஏனென்றால் இதே மண் எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு நாள் கொழுந்துவிட்டு எரிந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. பாயா ரும்புட்டுக்கும் தங்கா பத்துவுக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் நானும் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு மரம் வெட்ட வராது. அவர் சிலாங்கூர் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். நெற்றியிலும் முழங்கையிலும் அவருக்கு நீல வடுக்கள் உண்டு. காயம் ஆறும்போது கரித்தூள் உள்ளேயே தங்கிவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். பச்சை குத்திக்கொண்டவர் என்று லயத்துப் பிள்ளைகள், எங்கள் தோட்டத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள், பேசிக்கொள்வார்கள்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்த புதிதில் சுரங்கத்து ஆட்கள் எல்லாரையும் போலீஸ் சந்தேகமாகவே பார்த்தது. அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொஞ்ச நாள் வைத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டாலும் சுரங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் மலாக்காவுக்கு வந்தோம். என் தாய்மாமா அந்தத் தோட்டத்தின் புகைக்கொட்டகையில் வேலை பார்த்தார். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, புகையிலேயே காயவைக்கும் கொட்டகை அது. அவர் சொல்லித்தான் அம்மாவுக்கும் எனக்கும் வெட்டு கிடைத்தது. அப்பாவுக்குக் கால்வாய் வெட்டும் வேலை. ஆண் பிள்ளை கால்வாய் வெட்ட, பெண்டுகள் மரம் வெட்டிக் காப்பாற்றுகிறார்கள் என்று லயத்தில் பேச்சு வந்தது. யார் பேசியது என்று தெரிந்திருந்தால் நானே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அப்பாவுக்கு இருமல் இருந்தது. சுரங்கத்திலிருந்து கூடவே வந்த இருமல். தோட்டத்து டிரஸர், அதாவது மருந்து கொடுப்பவர், ஒருநாள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எங்களிடம்தான் சொல்லவில்லை, துரையிடம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கிராணி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கிராணி தோட்டத்து ஆபீஸ் கணக்கர். லயத்துப் பக்கம் கால் வைக்காத மனிதர் வந்து நின்றதுமே அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"லயத்தச் சுத்தி வேலி போடப் போறாங்க. வேலிக்குள்ள வேல செய்யிற ஆளுங்களுக்கு மட்டும்தான் எடம்," என்றார் கிராணி. "ஒடம்புக்கு முடியாதவங்கள கவர்மெண்டு செலவுல ஊருக்கு அனுப்புறாங்க. கப்பல் காசு வேணாம். நல்ல ஏற்பாடுதாம்லா."

"ஊருன்னா?" என்று கேட்டார் அப்பா.

"இண்டியா."

மாயவரத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கப்பல் ஏறியவர் அப்பா. அங்கே அவருக்கு யாரும் இல்லை. அம்மா பிறந்ததே இந்த நாட்டில். நாங்களும் கூடப் போகலாமா என்று அம்மா கேட்டாள். போகலாம், ஆனால் உங்கள் கப்பல் காசை நீங்கள்தான் கட்ட வேண்டும், போனவர்கள் திரும்பி வருவது சந்தேகம் என்றார் கிராணி. அங்கே போய் மூன்று பேரும் எதைச் சாப்பிடுவது? வேலி முடியும்வரை அவகாசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிராணி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே நினைப்புதான். அப்பாவை எப்படியாவது இங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். மாமா துரையின் சமையல்காரர் மூலம் சொல்லிப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. வேலிக் கம்பங்கள் லாரி லாரியாக வந்து இறங்கின.

அப்பா வெட்டிய கால்வாய் தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஆற்றில் போய் விழும். அந்த ஆறு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடலில் கலக்கிறது. ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் மேலே ஏறிவரும், இறக்கத்தில் கரை ஆளுயரத்துக்கு மேல் நிர்வாணமாக நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போனபோது அப்பா அந்தக் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெற்றிலைகூடப் போடவில்லை. என்னைக் கண்டதும் கையைக் காட்டி அழைத்தார்.

"இங்க வா பாப்பா. இத மேலேர்ந்து பாரு."

மேலே செம்மண். அதற்குக் கீழே ஓட்டை ஓட்டையாகச் செம்புறாங்கல், துரை பங்களாவுக்குச் சுவர் வைத்த அதே கல். அதற்குக் கீழே வெள்ளைக் களிமண், நடுநடுவே குங்குமம் சிந்தியதுபோல் சிவப்பு. அதற்கும் கீழே சாம்பல் நிறச் சேறு. அதில் கையை விட்டு அப்பா ஒரு சிப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"கடல் இங்க வரைக்கும் இருந்திருக்கு. அப்புறம் பின்னால போயிருக்கு."

"போனா போகட்டும்பா. துணி காயணும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீரை ஒட்டி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. கரை வளைந்த இடத்திலும் வளைந்து, எதிர்க்கரையிலும் அதே மட்டத்தில் தெரிந்தது. அப்பா மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்தார். கையில் பிட்டபோது உள்ளே இலை இலையாக இருந்தது, ஒரு துண்டு மரம்கூட நார் தெரியக் கிடந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிராணி வந்துபோன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் பட்டது, ஏமாறப் போகிறாரே என்று.

அவர் கணக்கு இதுதான். நிலக்கரியும் இப்படித்தான் மரத்திலிருந்தும் இலையிலிருந்தும் வருகிறது. இங்கே கரி இருந்தால் வெள்ளைக்காரன் தோண்டாமல் விடமாட்டான். தோண்டினால் சுரங்க வேலை தெரிந்த ஆள் வேண்டும், தங்கா பத்து வட்டாரத்திலேயே அந்த வேலை தெரிந்தவன் அவர் ஒருவர்தான். இருமினாலும் பரவாயில்லை, எங்கே மரம் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும். இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டியவனைக் கப்பல் ஏற்ற யாருக்கு மனது வரும்? வெள்ளைக்காரத் துரைக்கு ஆபீசில் மனது இருக்கிறது என்று நம்பிய ஒரே ஆள் என் அப்பாதான்.

கட்டிகள் சொதசொதவென்று ஈரம். காயாமல் எதையும் எரித்துக் காட்ட முடியாது, அதுவோ தினமும் மழை கொட்டுகிற மாதம். எங்கள் தோட்டத்தில் காயாத எதையும் கொண்டுபோகிற இடம் ஒன்றே ஒன்று, புகைக்கொட்டகை. மழைக்காலத்தில் பிள்ளைத் துணி அங்கேதான் காயும். கருவாடு, மிளகாய், நனைந்த சாக்கு, பள்ளிக்கூடத்துக் கான்வாஸ் சப்பாத்து எல்லாம் ஷீட்டுகளுக்கு நடுவில் தொங்கும். துரை வருகிற நாளில் மட்டும் மாமா எல்லாவற்றையும் சுருட்டி ஒளித்துவைப்பார். அப்பாவின் மண்ணையும் அவர் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். கட்டிகள் உதிர்ந்து கம்பு இடுக்கில் விழாமல் இருக்கத் தட்டின்மேல் ஒட்டுப்பாலை, அதாவது மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பரை, பாயாக விரித்து அதன்மேல் அடுக்கினார். மேலே தொங்கிய ஷீட்டுகளிலிருந்து புகையெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கீழே விறகு கனன்றது. வாரக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது.

எடுத்து வந்தபோது கட்டிகள் கல்லாக இறுகி, கறுத்து, மினுமினுத்தன. அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அசல் கரி மாதிரியே இருக்கு," என்றார். சாயங்காலம் அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு கட்டியை வைத்தாள். நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் கொஞ்சம் புகை வந்தது. பிறகு சடசடவென்று பற்றிக்கொண்டு பாத்திரத்தின் கழுத்துவரை தீ ஏறியது.

மாமா எழுந்து கும்பிட்டார். அம்மா, எதற்கும் கண் கலங்காத என் அம்மா, சுவரில் சாய்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் லயமே எங்கள் வாசலில் நின்றது. ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கிப் போய் அவரவர் அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். எல்லா அடுப்பும் எரிந்தது. கால்வாய் வெட்டுகிறவன் என்று பேசியவர்களே அப்பாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து "அண்ணே, சொரங்கம் தொறந்தா நம்ம பையனையும் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அதுவரை அப்பாவை "ஏய்" என்று கூப்பிட்டவன்.

அந்த அடுப்பில் வந்த நாற்றத்தை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க எப்படி முடியும்? எங்கள் சேலையில், தலைமுடியில், சோற்றில்கூட அந்த வாசனைதான் இருந்தது.

ஆற்றோரத்துப் பாறையையும் மண்ணையும் ஆராயும் அரசாங்க ஆட்கள் அந்த மாதம் சிம்பாங் அம்பாட் பக்கம் வந்திருந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் முன்னும் பின்னும் வர, ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் அவருடைய யாழ்ப்பாணத்துக் கிளார்க்கும். மாமா கிராணியின் காலில் விழாத குறையாகக் கேட்டு அவர்களை எங்கள் தோட்டத்துக்கு வரவழைத்தார். அப்பா சலவை வேட்டி கட்டி, கட்டியைப் புதுத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். நானும் அம்மாவும் ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் நின்றோம். அன்றைக்கு நாங்கள் வேலைக்குப் போகவில்லை.

அதிகாரி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவையே கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார், சேற்றில் முழங்கால்வரை இறங்கினார், கரையை அளந்தார், பட்டையிலிருந்து தானே மண் எடுத்துக்கொண்டார். அப்பா ஒவ்வொரு அடுக்காகக் காட்டிக்கொண்டே வந்தாராம், அவரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாராம். திரும்பி வரும்போது அப்பா நடந்த நடையைப் பார்த்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி எடுத்த மண்ணை ஆபீஸ் அடுப்பில் ஒரு தகரத்தில் போட்டு மெதுவாக உலர்த்தினார்கள். சாப்பாட்டு நேரம் கழிந்து முற்றத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீ மூட்டினார்கள். அப்பாவின் கட்டி எரிந்தது. அதிகாரியின் மண் கங்கு பிடிக்காமல் புகைந்தது, புகைந்து புகைந்து முக்கால்வாசி சாம்பலாகவும் களிமண்ணாகவும் உட்கார்ந்தது. அதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிளார்க் அப்பாவின் கட்டியில் ஒரு துண்டை உடைத்து மூக்கருகே வைத்தார்.

"இதை எங்க காய வைச்சனீங்கள், ஐயா?"

"பொகக்கொட்டாயில."

"அதுதான். ரப்பர் மணக்குது. ரப்பர்தான் எரியுது, மண் எரியேல்லை."

அப்பா குனிந்து அதிகாரியின் மண் விட்ட சாம்பலைத் தொட்டுப் பார்த்தார். கிளார்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பொறுமையாகத்தான் பேசினார். "இதுவும் நிலக்கரியின்ர இனம்தான். சதுப்பில செத்த மரம், இலை. ஆனா இன்னும் கரியாகேல்லை. அதுக்கு மேல இன்னும் எவ்வளவோ மண் விழவேணும், பாரம் ஏறவேணும், சூடு பிடிக்கவேணும். இது சரியான இளசு."

"எத்தன வருசத்துல ஆகும்?" என்று கேட்டார் அப்பா.

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "மனுசர் இருந்து பார்க்கிற காரியம் இல்லை, ஐயா."

அப்பா புதுத் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கு வயசு பத்தல. எனக்கு வயசு கூடிப்போச்சு," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அந்த நிமிஷத்தில் கிளார்க்கையும், அதிகாரியையும், ஆற்றையும், மாமாவின் புகைக்கொட்டகையையும் சேர்த்து வெறுத்தேன். இன்றைக்கும் அந்த வெறுப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மாமா அதன்பிறகு யார் கேட்டாலும் கொட்டகையில் எதையும் உலர்த்தித் தரவில்லை. அவர்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, அப்பா சொல்லவே இல்லை.

லயத்தில் ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் சண்டை போட்டாவது மனதை ஆற்றியிருப்பேன். அவர்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மண்டோர் பழையபடி "ஏய்" என்றான்.

வேலி முடிந்தது. இரண்டு வரிசை முள்கம்பி, நடுவில் ஒரே ஒரு கேட், அதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். வெட்டுக்குப் போகும்போது எங்கள் ரப்பர் பால் வாளியையும் திறந்து பார்ப்பார்கள். ஆற்றுப் பக்கம் போவதும் நின்றுவிட்டது. கறுப்புப் பட்டை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அப்பா கப்பல் ஏறினார். ஏறியவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினார் என்று அதே கப்பலில் போய்வந்த ஒருவர் சொன்னார். இறங்கி எந்தப் பக்கம் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, சேதி வந்தால் கழற்றுகிறேன் என்றாள். சேதி வரவில்லை. அம்மாவைத் தாலியோடுதான் எரித்தோம்.

அவர் புறப்பட்ட காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலிக்குள் வந்ததிலிருந்து விறகுக்குப் பெரிய தட்டுப்பாடு. இருந்த விறகு மழையில் ஊறிக் கிடந்தது. வழியில் சாப்பிட அவருக்குக் கட்டுச்சோறு கட்ட வேண்டும், அடுப்போ பற்றவில்லை. அம்மா ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தாள். மிச்சமிருந்த கறுப்புக் கட்டிகள் அதில் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று அதுவரை யாரும் பேசவில்லை. அம்மா இரண்டை எடுத்து அடுப்பில் வைத்தாள். தீ குபீரென்று ஏறியது. அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்தார். சோறு வேகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். புளியோதரையைக் கிளறி வாழையிலையில் கட்டினோம்.

கேட்டில் லாரி நின்றது. காவலில் இருந்த மலாய்க்கார இளைஞன் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "தா போலே, பாக்சிக். நாசி தா போலே," என்றான். சோறு வெளியே போகக் கூடாதாம். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கப்பலுக்குப் போகிறவர், காட்டுக்குப் போகிறவர் இல்லை என்று மாமா மலாயில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான். வேண்டுமானால் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றான்.

அப்பா முள்வேலியை ஒட்டிக் கீழே உட்கார்ந்து இலையைப் பிரித்தார். நாள் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டியதை அந்த இடத்திலேயே சாப்பிட ஆரம்பித்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். போதும், வையுங்கள் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்று, இலையை மடித்து, இருமிக்கொண்டே எழுந்தார். அந்தச் சோற்றில் ரப்பர் நாற்றம் அடித்திருக்கும். அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"மிச்சம் இருக்கா?"

சோற்றைக் கேட்கிறார் என்று நினைத்து இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"இருக்கு. அரை சாக்கு இருக்கு."

"மழைக்கு ஆவும். பத்திரமா வச்சுக்க," என்றார் அப்பா.